வோஷர் தாங்கியில் எதை ஊற்றுவது? திருகோணமலை வெயிலுக்கு ஒன்று, கனடாக் குளிருக்கு வேறொன்று

காரின் முன்கண்ணாடியைக் கழுவும் தண்ணீருக்காக எங்கள் ஊரில் யாரும் கடைக்குப் போவதில்லை. பொனற்றைத் திறந்து, வைப்பர் படம் போட்ட மூடியைக் கண்டுபிடித்து, கிணற்றுத் தண்ணீரோ பைப் தண்ணீரோ கைக்குக் கிடைத்ததை ஊற்றிவிட்டுப் போகிறோம். வாடகைக்கு வான் ஓட்டுகிற எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. டிசம்பர் பிறந்தால் இரண்டு திசையில் இருந்தும் கேள்வி வரும். அலஸ்தோட்டத்தில் இருந்து ஒருவர், "அண்ணை, தண்ணி அடிச்சால் கண்ணாடி இன்னும் மங்குது" என்பார். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மருமகன், "மாமா, பட்டனை அமத்தினால் ஒரு சொட்டும் வருதில்லை, உறைஞ்சிட்டுது" என்பான். இரண்டுக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தாங்கிக்குள் என்ன ஊற்றினீர்கள்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் ஓடும் வாகனத்துக்குப் பற்றரித் தண்ணீரும் (பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர்), அதில் கொஞ்சம் அற்ககோல் இல்லாத, கண்ணாடி கழுவும் ஷாம்புவும். கனடாவில் ஓடும் வாகனத்துக்கு, மைனஸ் 40 பாகை வரை உறையாது என்று எழுதிய வோஷர் திரவக் கேன், ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்காமல். அங்குள்ளதை இங்கேயும் இங்குள்ளதை அங்கேயும் ஊற்றக்கூடாது.

இரண்டு இடத்திலும் கண்ணாடியைக் கெடுப்பது உப்பு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் டச்பே பக்கமோ திருக்கடலூரிலோ இரவு முழுக்க வாகனத்தை வெளியில் விட்டுப் பாருங்கள். காலையில் கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒரு படலம் இருக்கும். வைப்பரைப் போட்டால் அது இழுபட்டு, எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடும். கனடாவில் கடல் தேவையில்லை. வீதியில் பனி கட்டியாகாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். முன்னால் போகும் லொறியின் ரயரில் இருந்து அந்த உப்புச்சேறு தெறித்து, சில வினாடிகளில் கண்ணாடியில் காய்ந்து போகிறது. நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஹைவேயில் போகும்போது வோஷர் வேலை செய்யாவிட்டால் சாரதி கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். ஆகவேதான் உறைந்த வோஷரை வெறும் தொந்தரவாக நினைக்க வேண்டாம், அது பாதுகாப்புப் பிரச்சினை என்று மருமகனிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஊர்.

கிணற்றுத் தண்ணீர் செலவில்லாதது. ஆனால் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கடற்கரையோடு போகப்போக மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர்ப் படை மெல்லியது. கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் கிணறு வற்ற வற்றத் தண்ணீர் கடுக்கும், சில இடத்தில் உவர்க்கும். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே அடித்தால் என்ன பயன்? வெயிலில் அது காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் விழும். கேத்திலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்புதான் தண்ணீரைப் பீய்ச்சும் நொசிலின் ஊசிமுனைத் துவாரத்திலும் படிந்து அடைக்கும். அலஸ்தோட்டத்து நண்பருக்கு நடந்தது இதுதான். பட்டணத்துப் பைப் தண்ணீர் இதைவிட எவ்வளவோ மேல். அவசரத்துக்கு அதை ஊற்றலாம், தவறில்லை.

வெறும் தண்ணீரில் இன்னொரு குறை இருக்கிறது. அதை இங்கே அதிகம் பேர் அறியவில்லை. லெஜியோனெல்லா என்ற பற்றீரியா கடுமையான நியுமோனியாவை உண்டாக்கும். தேங்கி நிற்கும் 20 முதல் 45 பாகை வரையான வெதுவெதுப்பான தண்ணீரில் அது பெருகும். அந்தத் தண்ணீர் நுண்துளிகளாகத் தெறித்து மூச்சோடு உள்ளே போகும்போதுதான் நோய் வருகிறது. வோஷர் செய்வதே தண்ணீரைத் துளிகளாகத் தெறிப்பதுதானே. 2010 இல் இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில், வோஷரில் கழுவுதிரவம் எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீரோடு ஓட்டுவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. இங்கிலாந்தில் அந்தச் சூடு கோடையில் சில வாரம் இருக்கும். எங்கள் ஊரில் பொனற்றுக்குக் கீழே இருக்கும் தாங்கி வருடம் முழுவதும் அந்தச் சூட்டில்தான் நிற்கிறது. பயப்படச் சொல்லவில்லை. தண்ணீரோடு கழுவுதிரவம் சேருங்கள், மாதக்கணக்கில் தேங்கவிடாதீர்கள், அவ்வளவுதான்.

"அப்ப சவர்க்காரத் தூளைக் கரைச்சு விட்டால் போதும்தானே" என்பார்கள். போதாது. தூள் முழுதாகக் கரையாது, அடியில் தங்கிக் குழாயை அடைக்கும். நுரை கண்ணாடியில் நின்று வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் மேல் என்று தோன்றும். ஆனால் அதைத் தடிப்பாக்கப் பல தயாரிப்புகளில் சேர்ப்பதும் உப்புத்தான். தேசிக்காய்ச் சாறு பிழிந்து விடுகிறவர்களும் உண்டு. அது புளித்துப் பாசி பிடிக்க இடம் கொடுக்கும்.

பெற்றோல் செட்டிலும் ஸ்பெயார் பாட்ஸ் கடையிலும் விற்கும் பற்றரித் தண்ணீரில் சுண்ணாம்பும் இல்லை, உப்பும் இல்லை. விலையும் பெரிதில்லை. வோஷர் தாங்கி அடிக்கடி காலியாவதில்லை என்பதால் வருடச் செலவைப் பார்த்தால் ஒரு வைப்பர் பிளேட்டின் விலை வராது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அதே கடையில், சில வேளை அதே தட்டில், பற்றரி அசிட்டும் இருக்கும். லேபலை வாசித்து வாங்குங்கள். கடைப் பையன் எடுத்துத் தருவதை அப்படியே கொண்டுவந்து ஊற்ற வேண்டாம்.

ஏசியில் இருந்து வடியும் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். சுண்ணாம்பு இல்லாத தண்ணீர்தான், ஆனால் ஏசிக்குள் இருக்கும் தூசியும் பூஞ்சணமும் அதோடு வரும். துணியில் வடித்து, ஷாம்பு கலந்து, உடனே பாவித்தால் சரி. கேனில் சேர்த்து மாதக்கணக்கில் வைத்திருப்பது கூடாது.

ஷாம்பு ஏன் கட்டாயம் என்று கேட்டால், முதல் மழைக்குப் பிறகு பொழுதுபடும் நேரத்தில் கந்தளாயில் இருந்து ஹபரணைப் பக்கம் ஓட்டிப் பாருங்கள் என்பேன். ஈசல் கூட்டம் கூட்டமாகக் கண்ணாடியில் அடிபட்டு அப்பிவிடும். வெறும் தண்ணீர் அதை அசைக்காது, வைப்பர் அதைக் கொழுப்பாக இழுத்துவிடும். அந்த வீதியில் யானை கடக்கும். இருட்டில் நிற்கும் யானையை வெளிச்சம் பட்டு அடையாளம் காண ஒரு கணம்தான் கிடைக்கும். அந்தக் கணத்தில் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். கண்ணாடிக்கென்றே விற்கும் செறிந்த ஷாம்புவைப் போத்தலில் சொன்ன அளவுக்குக் கலந்தால் போதும். கூட விட்டால் நுரைதான் கூடும்.

பச்சை நிறத்தில் இருக்கிறதே என்று ரேடியேற்றர் கூலன்றை வோஷரில் ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் எண்ணெய் மாதிரிப் பூசிக்கொள்ளும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, இனிப்பும் கூட. கீழே சொட்டினால் நாய் பூனை நக்கிச் சாகும்.

ஜனவரியில் நுவரெலியா

எங்கள் ஊரில் இருந்து குடும்பமாக நுவரெலியா போகிறவர்கள் கேட்கும் கேள்வி: அங்கே பனி விழுமாமே, வோஷர் உறையுமா? கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், முகில் இல்லாத, காற்றில்லாத இரவுகளில் நிலத்தில் உறைபனி பிடிப்பது உண்மை. தேயிலைக் கொழுந்து கருகிப் போவதும் அதனால்தான். காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் திறந்த வானத்தின் கீழ் நிற்கும் கண்ணாடி தன் சூட்டை இழந்து அதைவிடக் குளிர்ந்துவிடும். அதனால் கண்ணாடியில் வெள்ளைப் பொருக்கு பிடிக்கலாம். ஆனால் தாங்கிக்குள் இருக்கும் இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர் அந்த ஒரு சில மணிநேரத்தில் கட்டியாகாது.

ஆகவே நுவரெலியாவுக்காக உறைதடுப்புத் திரவம் தேடி அலைவது வீண் செலவு. இரவில் கண்ணாடிக்கு மேல் ஒரு காட்போட் மட்டையோ தடித்த துணியோ போட்டு வையுங்கள். மறந்துவிட்டால் காலையில் பிளாஸ்ரிக் அட்டையால் சுரண்டுங்கள். ஹோட்டலில் கொதிதண்ணீர் வாங்கிக் கண்ணாடியில் ஊற்றாதீர்கள். ஒரு பக்கம் குளிர், ஒரு பக்கம் கொதி என்றால் கண்ணாடி வெடிக்கலாம். கல்லுத் தெறித்த சின்னத் தழும்பு இருந்தால் அதில் இருந்து சுலபமாகக் கீறல் ஓடும்.

உண்மையில் உறையும் ஊர்

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். நிரம்பிய பிளாஸ்ரிக் தாங்கிக்குள் அந்தப் பருமனுக்கு இடமில்லாவிட்டால் தாங்கி வெடிக்கும், பம்பின் கூடு பிளக்கும், குழாய் மூட்டில் இருந்து கழன்றுவிடும். இதில் கெட்ட விஷயம், உறைந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெயில் வந்து உருகிய பிறகுதான் வாகனத்தின் கீழே ஈரம் தெரியும்.

ஆகவே அங்கே வெறும் தண்ணீர் என்ற தெரிவே இல்லை. மீதி இருப்பவை மூன்று: கோடைத் திரவம், கடையில் வாங்கும் குளிர்காலத் திரவம், வீட்டில் அற்ககோல் கலந்து செய்வது. கோடைத் திரவம் பூச்சியைக் கழுவுவதற்கானது, குளிரில் தண்ணீரைப் போலவே உறையும். நவம்பரில் மலிவாகப் போடுகிறார்கள் என்று அதை வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். லேபலில் மைனஸ் எத்தனை என்று எழுதவில்லை என்றால் எடுக்க வேண்டாம்.

வீட்டில் செய்வதில் கணக்கு முக்கியம். கனவளவில் 20 வீதம் எதனோல் உள்ள கலவை ஏறக்குறைய மைனஸ் 9 பாகையில் உறையத் தொடங்கும். 40 வீதம், அதாவது வொட்காவின் அளவு என்றால், மைனஸ் 23 அளவில். பார்மசியில் விற்கும் 70 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோல் மைனஸ் 30 வரை தாங்கும். ஆனால் அதை மலிவாக்கத் தண்ணீர் சேர்க்கச் சேர்க்கத் தாங்கும் அளவும் ஏறிக்கொண்டே வரும். மணமும் தலையை இடிக்கும். காசுக் கணக்கில் பார்த்தாலும் கனடாவில் பெற்றோல் செட் வாசலில் அடுக்கி வைத்திருக்கும் நீலக் கேன் இதைவிட மலிவு. வீட்டுத் தயாரிப்பை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த நீலக் கேனில் இருப்பது பெரும்பாலும் மெதனோல் என்ற அற்ககோல். குளிரைத் தாங்குவதில் அதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது கடும் நஞ்சு. உடம்புக்குள் போனால் போமிக் அமிலமாக மாறிக் கண்பார்வையை அழிக்கும், உயிரையும் எடுக்கும். குளிர்பானம் போன்ற நீல நிறம் பிள்ளைகளை இழுக்கும் என்பதால் எப்போதும் பூட்டிய இடத்தில் வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் உடனே வைத்தியசாலை. பல மணிநேரம் ஒன்றும் தெரியாமல் இருந்து பிறகுதான் பாதிப்பு வெளிப்படும் என்பதால் "பிள்ளை நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 மே மாதத்தில் இருந்து 0.6 வீதம் அல்லது அதற்கு மேல் மெதனோல் உள்ள வோஷர் திரவத்தைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை. ஆகவே ஜேர்மனியிலும் பிரான்ஸிலும் இருக்கும் உறவுகளுக்குக் கிடைப்பது எதனோல் கலந்தவை. அங்கே பல செறிவாக வரும். எவ்வளவு தண்ணீர் சேர்த்தால் எந்தக் குளிரைத் தாங்கும் என்ற அட்டவணை போத்தலின் பின்பக்கத்தில் இருக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் நானாக இருந்தால், விலை கூடினாலும், எதனோல் வகையைத்தான் தேடுவேன்.

மைனஸ் 20 கேனா, மைனஸ் 40 கேனா? இதில் மருமகனோடு எனக்கு நீண்ட விவாதம். "இஞ்ச மைனஸ் 20க்குக் கீழ போறது குறைவு, பிறகேன் மற்றது" என்பது அவன் வாதம். லேபலில் இருக்கும் எண் தாங்கிக்குள் அசையாமல் கிடக்கும் திரவத்துக்கானது. ஓடும் வாகனத்தின் கண்ணாடியில் அது மெல்லிய படலமாகப் பரவும்போது காற்று முதலில் அற்ககோலைத்தான் ஆவியாக்கிக் கொண்டுபோகும். ஆவியாவதால் கண்ணாடி இன்னும் குளிரும். மிஞ்சுவது தண்ணீர் கூடிய கலவை, அது கண்முன்னே பனிப்பூவாக உறைந்துவிடும். ஆகவே மைனஸ் 20 திரவம் மைனஸ் 12, 15 இலேயே காலை வாரலாம். எந்தத் திரவமானாலும் கண்ணாடியை டிஃப்ரொஸ்ரர் போட்டுச் சூடாக்கிய பிறகே அடிக்க வேண்டும். இரண்டு கேனுக்கும் இடையிலான விலை வித்தியாசத்துக்காக இந்த ஆபத்தை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, ஏற்கெனவே உறைந்துவிட்டது. இனி?

முதலில் பட்டனை அமத்துவதை நிறுத்த வேண்டும். பனிக்கட்டிக்குள் சிக்கிய பம்பைத் திரும்பத் திரும்ப இயக்கினால் பியூஸ் போகும் அல்லது மோட்டர் எரியும். ஒரே ஒரு தடவை அமத்திக் காது கொடுங்கள். முனகல் சத்தம் கேட்டுத் திரவம் வராவிட்டால் பெரும்பாலும் நொசிலோ குழாயோ உறைந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் பம்போ பியூஸோ.

நொசில் மட்டும் என்றால் வேலை சுலபம். பூட்டு உறைந்தால் அடிக்கும் டி-ஐசர் அல்லது ஐசோபுரொப்பைல் அற்ககோலைச் சில சொட்டு விடலாம். வீட்டு வாசலில் நின்றால் ஹெயார் டிரையரைத் தள்ளிப் பிடிக்கலாம். ஊசியால் குத்தினால் பாயும் திசை மாறிவிடும், கவனம். சில கார்களில் நொசிலுக்கு மின்சூடு இருக்கும், அது நொசிலை மட்டும்தான் காக்கும்.

தாங்கி உறைந்திருந்தால் மிக நல்ல வழி, சூடாக்கிய நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் சில மணிநேரம் விடுவது. கடைத்தொகுதிகளிலும் மாடிவீட்டுக் கட்டடங்களிலும் அது இருக்கும். சாமான் வாங்கிவிட்டு வருவதற்குள் பாதி உருகிவிடும். எஞ்சினை ஓடவிட்டு உருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். எஞ்சினுக்குப் பக்கத்தில் தாங்கி இருந்தால் சரிவரும். ஆனால் பல கார்களில் தாங்கி முன்சக்கரத்து மட்காட்டுக்கு உள்ளே, சூடு எட்டாத மூலையில் இருக்கிறது. அங்கே மணிக்கணக்காகும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடுவதை மட்டும் ஒருபோதும் செய்யக்கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரை வருவது போல வந்து ஆளை முடித்துவிடும். வெளியில் என்றாலும் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்ரார்ட் பண்ண வேண்டும்.

தாங்கிக்குள் சுடுதண்ணீர் ஊற்றுவது உடனடிப் பலன் தரும், அதனால்தான் ஆட்கள் செய்கிறார்கள். ஆனால் இருந்த கொஞ்ச அற்ககோலையும் அது ஐதாக்கிவிடும், அடுத்த இரவே முன்னையதைவிட இறுக்கமாக உறையும். அதைவிட, தாங்கியில் இடமிருந்தால் மைனஸ் 40 திரவத்தை மேலே ஊற்றிப் பொறுத்திருப்பது நல்லது. மெதுவாகக் கட்டியை அரித்துக் கரைக்கும். கரைந்ததும் அந்தக் கலவையை முழுவதும் அடித்து வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். கலவையை நம்பி வைத்திருக்கக் கூடாது.

ஹைவேயில் நடுவழியில் நின்றுபோனால் வைப்பரைக் காய்ந்த கண்ணாடியில் போடாமல் அடுத்த வெளியேறும் பாதையில் இறங்கிப் பாதுகாப்பாக நிறுத்துங்கள். டிக்கியில் எப்போதும் ஒரு மேலதிகக் கேன் இருக்கட்டும். கையாலேயே கண்ணாடியில் ஊற்றித் துடைக்கலாம். அதுவும் இல்லையென்றால் வீதியோரத்துச் சுத்தமான பனியை அள்ளிக் கண்ணாடியில் தேய்த்தாலும் உப்பு கழன்றுவிடும்.

கனடாவில் இருந்து வருகிறவர்கள் மிஞ்சிய நீலக் கேனை ஊருக்குக் கொண்டுவரக் கேட்பதும் உண்டு. தீப்பற்றக்கூடிய திரவம், விமானத்தில் அனுமதியில்லை. எப்படியோ வந்து சேர்ந்தாலும் எங்கள் வெயிலில் அதனால் பயனில்லை. மெதனோல் 65 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும், அதற்கு முன்பே தாங்கியில் இருந்து ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கும். நஞ்சு ஆவியை வானுக்குள் இருப்பவர்கள் சுவாசிப்பார்கள், கடைசியில் தாங்கியில் மிஞ்சுவது சாயத் தண்ணீர்.

புதிதாக அங்கே போய்க் கார் வாங்கும் பிள்ளைகள் ஒக்ரோபர் முடிவதற்குள் திரவத்தை மாற்றிவிடட்டும். மேலே ஊற்றி நிரப்பினால் மட்டும் போதாது. பழையதை அடித்துக் காலியாக்கி, புதியதை நிரப்பி, நொசிலில் புதிய நிறம் வரும்வரை அமத்த வேண்டும். பின்கண்ணாடிக்கும் வோஷர் இருந்தால் அதையும் மறக்கக் கூடாது. கூரை வழியாகப் போகும் அந்த நீண்ட குழாய்க்குள் கோடைத் தண்ணீர் தங்கியிருக்கும், முதல் குளிரில் அதுதான் உறைந்து பின்கதவின் உட்புறத்தில் கழன்று, சாமான் வைக்கும் இடமெல்லாம் ஈரமாக்கும்.